கருப்புத் திரையில் நானூற்றுப் பதினொன்று

அணைந்து கிடக்கிற திரையைப் பார்த்து எண் படிக்கிற கூட்டத்தை வேறெங்கும் பார்க்க முடியாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வந்தால் பார்க்கலாம். கம்பெனியின் பெயர் வேண்டாம், வண்டிகளுக்கு பிரேக் தகடு வெட்டித் தருகிற பிரஸ் ஷாப் என்று தெரிந்தால் போதும். காலை ஷிப்ட் தொடங்குமுன் அறுபது பேரும் வாசலோரத்துப் போர்டுக்கு எதிரே வரிசையாக நிற்க வேண்டும். போர்டு என்றால் ஆளுயரத் திரை. மேலே 'விபத்தில்லா நாட்கள்' என்று எழுத்து, கீழே பெரிதாக ஓர் எண். முறை வைத்து ஒருவர் அந்த எண்ணைச் சத்தமாகப் படிப்பார், மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள், அப்புறம் உறுதிமொழி, அப்புறம்தான் மெஷினில் கை வைக்கலாம்.

ஒருநாள் கரண்ட் எகிறி அடித்ததில் போர்டு இருண்டு போனது. படிப்பது மட்டும் நிற்கவில்லை. "நேத்து சொன்னதோட ஒண்ணு கூட்டிச் சொல்லுங்கப்பா, இதுக்கெல்லாமா யோசிப்பீங்க" என்று பிளான்ட் மேனேஜர் மணவாளன் வழி சொல்லிவிட்டார். வழி சொல்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

வினோதாவின் முறை வந்தது. ஆரம்பாக்கத்துப் பெண், டிப்ளமோ முடித்துவிட்டு அங்கே எலக்ட்ரிக்கல் மெயின்டெனன்ஸில் இருக்கிறாள். வாய் நீளம் என்று வீட்டிலும் பெயர், வேலையிலும் பெயர். முன்னால் வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு திரையை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தாள்.

"என்னம்மா, படி. நானூத்திப் பதினொண்ணு," என்று மணவாளன் எடுத்துக் கொடுத்தார்.

"ஒண்ணும் தெரில சார்."

"அதான் நான் சொல்றேனே."

"நீங்க சொல்றீங்க சார். போர்டு சொல்லல. கருப்பாதான் கீது. படிச்சுட்டேன், கருப்பு."

வரிசையில் யாரோ சிரித்துவிட்டு அதை இருமலாக மாற்றப் பார்த்தார். மணவாளனின் முகம் சுண்டிப் போனது. "பெரிய இவளாட்டம் பேசறே. முதல்ல தெரிய வை, அப்புறம் படிக்கிறதப் பத்திப் பேசு," என்றார். "வைக்கிறேன் சார்" என்று சொல்லிவிட்டு வினோதா தன் இடத்தில் போய் நின்றுகொண்டாள். அன்றைக்கு எண்ணை மணவாளனே படித்தார்.

அவளுடைய கோபம் திரைமேல் வந்த கோபம் இல்லை. போர்டு இருண்ட மறுவாரம், ஆறாம் நம்பர் பிரஸ்ஸில் யேசுதாஸுக்கு வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. பிரஸ் இறங்க வேண்டுமானால் இரண்டு கையாலும் இரண்டு பட்டனைச் சேர்த்து அமுக்க வேண்டும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் அச்சுக்கு அடியில் இருக்காது என்பதுதான் கணக்கு. வேகம் போதவில்லை என்று ஒரு பட்டனைக் கம்பியால் இறுக்கிக் கட்டச் சொன்னவர் மணவாளன். வினோதா அந்தக் கம்பியை இரண்டு முறை அவிழ்த்தாள். இரண்டு முறையும் மறுநாள் கம்பி திரும்ப ஏறியிருந்தது. ஆஸ்பத்திரியில் 'வீட்டுக் கதவில் நசுங்கிவிட்டது' என்று சொல்லச் சொன்னார்கள். யேசுதாஸும் அப்படியே சொன்னார், பிறகு ஸ்டோரில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். விரல் போன மறுநாள் காலையிலும் அந்த வரிசை கருப்புத் திரையைப் பார்த்து ஒன்று கூட்டிச் சொன்னது. அதைச் சொன்ன வாய்களில் தன் வாயும் ஒன்று என்பதைத்தான் வினோதாவால் செரிக்க முடியவில்லை.

அந்தப் போர்டுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. முன்பிருந்த மேனேஜர் ஒருவர் தன் இஷ்டத்துக்கு எண்ணை ஏற்றப்போய், பெரிய ரகளையாகி, தொழிலாளர்கள் கேட்டு வாங்கிய கட்டுப்பாடு. விபத்து நடந்தால் அந்தத் தேதியை அடிபட்டவர்தான் போட வேண்டும். அவரால் முடியாவிட்டால் அந்த பிரஸ்ஸில் கூட நின்றவர் போடலாம். வேறு எவர் விரலும் போர்டுக்குக் கீழே இருக்கிற கீபோர்டில் படக்கூடாது. யேசுதாஸ் அந்த பிரஸ்ஸில் தனியாள். வினோதா கேட்டபோது மணவாளன் கையை விரித்தார். "போர்டே எரியல, எதுல தேதி போடறது? புது போர்டு அடுத்த வருஷம் வரும், அப்பப் பாத்துக்கலாம்." இருட்டு அவருக்குச் சௌகரியமாக இருந்தது.

போர்டுக்குப் பின்னால் இருப்பது ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதில் ஓடுவது பெலிக்கன் என்கிற இயங்குதளம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். சும்மா கிடைக்கிறது என்பதால்தான் போர்டு மாட்டிய கான்ட்ராக்டர் அதைப் போட்டான். பழவேற்காட்டு ஏரிக்கு வருகிற கூழைக்கடாவுக்குத்தான் இங்கிலீஷில் அந்தப் பெயர் என்று தெரிந்த நாள் முதல் வினோதாவுக்கு அதன்மேல் ஓர் ஒட்டுதல். சின்னச் சின்னத் திருத்தங்கள் எழுதி அனுப்புவாள், அவர்களும் ஏற்றுக்கொள்வார்கள்.

கரண்ட் எகிறியதில் கருகியது கம்ப்யூட்டரின் கிராஃபிக்ஸ் கார்டு, திரைக்குப் படம் அனுப்புகிற பலகை. ஸ்டோரில் தேடியதில் வேறொரு கார்டு கிடைத்தது. பெயரில்லை, ஊரில்லை, ஒரு ஸ்டிக்கர்கூட இல்லை. மாட்டினாள். ஸ்விட்சைப் போட்டதும் கம்ப்யூட்டர் கம்பெனியின் சின்னம் பளிச்சென்று வந்தது. பெலிக்கன் எழுந்ததும் திரை மறுபடி கருப்பு. பெலிக்கனுக்கு அந்தக் கார்டைத் தெரியாது, அதை ஓட்டுகிற 'டிரைவர்' என்கிற நிரலை யாரும் எழுதி வைக்கவில்லை.

பெலிக்கன்காரர்களுக்கு எழுதிக் கேட்டாள். ஐரோப்பாவில் எங்கோ இருக்கிற தலைமைப் பராமரிப்பாளர் மரியாதையாகப் பதில் போட்டார். எந்தக் கார்டு என்று தெரியாமல் டிரைவர் எழுத முடியாது, தயவுசெய்து வேறு கார்டு வாங்குங்கள்.

வினோதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சின்னம் வந்ததா இல்லையா? அப்படியென்றால் கார்டு சாகவில்லை. கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்புகிற அடிப்படை நிரலுக்கு அந்தக் கார்டில் படம் காட்டத் தெரிந்திருக்கிறது. பெலிக்கன் வந்துதான் 'நீ யார், எந்தக் கம்பெனி, எந்த மாடல்' என்று கேட் செக்யூரிட்டிபோல விசாரித்து, பதில் வராததால் விளக்கை அணைத்துவிடுகிறது. சுவரில் விளம்பரம் எழுதுகிறவன் வீட்டைக் கட்டிய கொத்தனாரின் பெயரையா விசாரிக்கிறான்? சுவர் எங்கே, எவ்வளவு நீளம், எவ்வளவு உயரம். அது போதும், சுண்ணாம்பு அடித்து எழுத வேண்டியதுதான்.

அதையே எழுதி அனுப்பினாள். யாரையும் பெயர் கேட்காத ஒரு டிரைவர். திரைக்கான நினைவகம் எந்த இடத்தில் தொடங்குகிறது, அகலம் என்ன, உயரம் என்ன என்பதை அடிப்படை நிரலிடம் கேட்டுக்கொள்ளும், அங்கே புள்ளி வைக்கும், வேறு எதையும் தொடாது. எந்தக் கார்டானாலும் சரி. பராமரிப்பாளர் திருப்பி எழுதினார். அப்படிச் செய்தால் மெதுவாக இருக்கும், வீடியோ ஓடாது, விளையாட்டு ஓடாது, அந்தந்தக் கார்டுக்கு முறையான டிரைவர் எழுதுவதே எங்கள் வழக்கம்.

'எனக்கு வீடியோ வேண்டாம். ஓர் எண் தெரிந்தால் போதும்,' என்று வினோதா எழுதினாள்.

'சரி, எழுதிக் காட்டுங்கள், பார்க்கலாம்,' என்று வந்தது பதில். மணவாளனும் கிட்டத்தட்ட இதைத்தானே சொன்னார் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

லைன் ஓடாத ஞாயிறுகளில் மெயின்டெனன்ஸ் ஆட்கள் மட்டும் வருவார்கள். தன் வேலை முடிந்ததும் போர்டுக்கு எதிரே ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு லேப்டாப்போடு உட்கார்ந்துவிடுவாள். முதலில் ஒன்றுமே வரவில்லை. பிறகு வந்தது, சாய்ந்து வந்தது. 'விபத்தில்லா நாட்கள்' என்கிற எழுத்து காற்றடித்த நெல்லாக ஒரே பக்கம் படுத்துக் கிடந்தது. இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினாள். ஸ்கிராப் தொட்டியருகே நின்று டீ குடிக்கும்போதுதான் விளங்கியது. தகட்டுப் பட்டையில் ஒரு வில்லையை வெட்டிவிட்டு அடுத்ததை ஒட்டினாற்போல வெட்ட மாட்டார்கள், நடுவில் கொஞ்சம் தகடு விடுவார்கள். திரையின் ஒவ்வொரு வரியும் அப்படித்தான், கண்ணுக்குத் தெரிகிற அகலத்துக்கு அப்பால் நினைவகத்தில் கொஞ்சம் மிச்சம் கிடக்கிறது. அவள் அந்த மிச்சத்தை விடாமல் வரியோடு வரியை ஒட்டி எழுதியிருக்கிறாள். 'தினமும் பார்க்கிற தகடு, மரமண்டை எனக்கு இப்போதுதான் ஏறுகிறது' என்று தன்னையே திட்டிக்கொண்டு, வரியின் முழு நீளத்தையும் கேட்டு வாங்குகிறபடி திருத்தினாள்.

கேட்க வேண்டியது இன்னொன்றும் இருந்தது. சிவப்பு, பச்சை, நீலம் எந்த வரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது. தன் லேப்டாப்பில் இருந்த வரிசையையே இங்கேயும் எழுதிவிட்டு அதைக் கேட்காமல் விட்டாள். கருப்பில் வெள்ளை எழுத்து நிமிர்ந்து நின்றது. போர்டின் வழக்கப்படி நூறுக்குக் கீழே போனால் எண் சிவப்பு, மேலே இருந்தால் பச்சை. பழைய தேதியிலிருந்து அது எண்ணிக்கொண்டே வந்ததில் நானூற்றுச் சொச்சம் பச்சைப் பசேலென்று எரிந்தது. அதைப் பார்த்த சந்தோஷத்தில் வேறு நிறத்தை யார் சோதிப்பார்கள்?

அன்று மாலையே பொன்னேரிக்குப் போனாள். யேசுதாஸின் மனைவி மேரி டீ கொண்டுவந்து வைத்தார்.

"போர்டு எரியுதுண்ணா," என்றாள் வினோதா. "நீ வந்து தேதியப் போட்டுரு."

யேசுதாஸ் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். "ஸ்டோர்ல குந்தவெச்சு சம்பளம் குடுக்கறான்மா. தேதியப் போட்டா அதுவும் பூடும்."

"ரெண்டு வெரலு போனது ஊருக்கே தெரியும்," என்றார் மேரி. "அந்தப் பொட்டிக்குத் தெரிஞ்சா இன்னா, தெரியாங்காட்டி இன்னா? அவரே பேஜாராயிட்டு கீறாரு, நீ வேற வந்துகினு."

"அண்ணி, இவரு வெரலு போன நாளு எங்க கணக்குல விபத்தில்லாத நாளு. அத்த நின்னு கத்திகினு கீறோம், நானும் கத்தினேன். ஸ்டோர்ல குந்திகினு தினம் கேக்கறியேண்ணா, உனுக்குக் காது கூசல?"

"கூசுது," என்றார் யேசுதாஸ். கட்டுப் போட்ட கையைத் துண்டால் மூடிக்கொண்டு, "நீ போம்மா," என்றார்.

டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டாள். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தவளுக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. அவளே தேதியைப் போட்டுவிடலாம், ஒரு நிமிட வேலை. ஆனால் கட்டுப்பாடு கட்டுப்பாடுதான். மணவாளன் செய்ததையே எதிர்ப்பக்கம் நின்று செய்தால் அதற்குப் பெயர் மட்டும் நியாயம் ஆகிவிடுமா? சுவரை அவள் தயார் செய்துவிட்டாள், எழுத வேண்டியவர் எழுதட்டும்.

மறுநாள் காலை, பிரேக் தகடு வாங்குகிற வண்டிக் கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு வந்தார்கள். ஓர் அம்மாவும் இரண்டு அதிகாரிகளும். போர்டு எரிவதைப் பார்த்து மணவாளனுக்குத் தலைகால் புரியவில்லை. "நானூத்தி முப்பத்தொண்ணு நாள் மேடம், ஒரு கீறல் கிடையாது. எங்க பொண்ணுதான் சரி பண்ணினா," என்று வினோதாவைக் காட்டினார். தன் உழைப்பு யாருக்கு வெளிச்சம் போடுகிறது என்று பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது.

"நீயே படிம்மா இன்னிக்கு."

"என் முறை இல்ல சார்."

"அப்ப யார் முறை?"

"என்னுது," என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

ஸ்டோரை விட்டு வெளியே வரக்கூடாது என்று யேசுதாஸுக்கு உத்தரவு. அவர் வரிசையைத் தாண்டி, மணவாளனையும் தாண்டி, நேரே கீபோர்டிடம் போனார். வலது கைக்காரர், இடது கையின் ஒற்றை விரலால் ஒவ்வொரு கட்டையாகத் தேடித் தேடி அமுக்கினார். "யேசுதாஸ், என்ன பண்றீங்க" என்று மணவாளன் இரண்டு முறை கேட்டார். மூன்றாவது முறை கேட்பதற்குள் எண் மாறிவிட்டது.

முப்பத்து நான்கு. நல்ல நீல நிறத்தில்.

மணவாளன் ஒரு கணம்தான் திகைத்தார், பிறகு சிரித்தே விட்டார். "டெஸ்டிங் மேடம். புது சாஃப்ட்வேர், இன்னும் கோளாறு இருக்கு. இந்த போர்டுல நூறுக்குக் கீழன்னா சிவப்பு, மேலன்னா பச்சை. நீலம்னு ஒண்ணே கிடையாது. யாரை வேணா கேட்டுப் பாருங்க."

அவர் சொன்னது சத்தியம். நீலம் என்று ஒன்று கிடையாது. யேசுதாஸ் திரும்பி வினோதாவைப் பார்த்தார். "இன்னாம்மா இது?" என்றார். இருந்த ஒரு நாற்காலியையும் விட்டுவிட்டு வந்த மனிதர். அந்தப் பார்வையை வினோதாவால் தாங்க முடியவில்லை. வரிசை, நிறங்களின் வரிசை! சிவப்பும் நீலமும் இடம் மாறிக் கிடக்கின்றன. பச்சை நடுவில் இருப்பதால் மாறாது, வெள்ளை எப்படிப் போட்டாலும் வெள்ளைதான். இத்தனை நாளும் பச்சையை மட்டுமே பார்த்துப் பழகிய கண், அவளுடைய கண்ணும்தான்.

"தப்பு என்னுது மேடம்," என்று முன்னால் வந்தாள். "நீலந்தான் தப்பு, எண்ணு தப்பில்ல. செவப்பு வரணும். கொஞ்சம் டைம் குடுங்க, இங்கியே சரி பண்றேன்."

"அதெல்லாம் அப்புறம். லைன் நிக்குது, எல்லாரும் மெஷினுக்குப் போங்க," என்றார் மணவாளன்.

யாரும் நகரவில்லை. மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் நிற்கிற ஏழுமலை நிதானமாகச் சொன்னார். "எண்ணு படிக்கல சார். படிக்காம மெஷின்ல கை வைக்கக் கூடாதுன்னு நீங்கதான சொல்லிக்கினு இருப்பீங்க."

"கோளாறு இருக்குன்னும் நீங்கதான் சொன்னீங்க சார்," என்றாள் வினோதா. "சரி பண்ணவா, வேணாமா?"

மணவாளன் வந்தவர்களைப் பார்த்தார். "நாங்க வெயிட் பண்றோம்," என்றார் அந்த அம்மா.

வினோதா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அறுபது பேர் தலைக்குமேல் நின்றார்கள். கேட்காமல் விட்ட அந்தக் கேள்வியை எழுதினாள். நிற வரிசை என்ன? நீ சொல்கிறபடி வைக்கிறேன். எழுதுவதற்கு நாலைந்து வரிதான், ஆனால் அவசரத்தில் ஓர் அடைப்புக்குறி விட்டுப்போய் முதல் முறை பிழை என்று வந்தது. யாரோ உச்சுக் கொட்டினார்கள். மறுபடி பார்த்துப் போட்டாள், பென்டிரைவில் ஏற்றி போர்டின் கம்ப்யூட்டரில் செருகி, அணைத்து, ஸ்விட்சைப் போட்டாள்.

சின்னம் வந்தது. திரை கருப்பானது. அந்தக் கருப்பில் இத்தனை நாள் கத்திய பொய்யெல்லாம் அவளுக்குக் காதில் கேட்டது. 'வா, வந்து தொலை' என்று வாய்விட்டே சொன்னாள். வெள்ளை எழுத்து எழுந்தது, அதன் கீழே எண் எழுந்தது. இரத்தச் சிவப்பில், திரையின் பாதியை அடைத்துக்கொண்டு.

"முப்பத்தி நாலு," என்று படித்தார் யேசுதாஸ். பின்வரிசைக்கு எட்டவில்லை. கட்டுப் போட்ட கையை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கி, மறுபடியும் படித்தார். "முப்பத்தி நாலு!"

அறுபது பேரும் திருப்பிச் சொன்னார்கள். அந்த ஷெட்டில் அந்தச் சத்தம் இதற்குமுன் கேட்டதில்லை, தகரக் கூரை அதிர்ந்தது. சிலர் கத்தும்போதே அழுதுவிட்டார்கள், வினோதா அதில் ஒருத்தி.

வந்திருந்த அம்மா எண்ணைப் பார்த்தார், கையைப் பார்த்தார். "எந்த பிரஸ்?" என்று மட்டும் கேட்டார். யேசுதாஸ் அந்தக் கையாலேயே ஆறாம் நம்பரைக் காட்டினார். ஆய்வுக்கு ஆள் வருகிறார்களே என்று பட்டனில் கட்டிய கம்பியை அவிழ்த்து மறைக்க மணவாளனுக்குக்கூடத் தோன்றியிருக்கவில்லை, அது அப்படியே இருந்தது.

சாயங்காலம் மணவாளன் வினோதாவுக்கு மெமோ கொடுத்தார். அனுமதியில்லாமல் கம்பெனி கம்ப்யூட்டரில் மாற்றம் செய்ததற்கு விளக்கம் கேட்டு. "தெரிய வைன்னு சொன்னது நீங்கதான் சார், அறுபது பேரு சாட்சி" என்று அதன் அடியிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தந்தாள். வேலையை விட்டு அனுப்பினால் அனுப்பட்டும். நாளைக் காலை முப்பத்து ஐந்தை யார் படித்தாலும் திரையைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் டிரைவரை பெலிக்கனுக்கு அனுப்பினாள். பராமரிப்பாளர் படித்துப் பார்த்துவிட்டு, மெதுவாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சேர்த்துக்கொள்கிறேன் என்று எழுதினார். கூடவே வழக்கமான கேள்வி ஒன்றும் இருந்தது. எந்தக் கார்டில் சோதித்தீர்கள், நிறங்கள் சரியாக வருகின்றனவா?

வினோதா பதில் எழுதினாள். 'கார்டின் பெயர் இன்றுவரை தெரியாது. சிவப்பு சரியாகத் தெரிகிறது. கும்மிடிப்பூண்டியில் அறுபது பேர் பார்த்தார்கள்.'